நந்தியாவட்டைக்குப் பின்னால்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள். ஃபேன் காற்று படுகிற இடமாகப் பார்த்து, காலை நீட்டி உட்காருங்கள். கையில் இருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் நான் சொல்லப்போவதே போனில் பூவைப் படம் எடுத்த ஒருத்தியின் கதை. அதனால் அது பாட்டுக்கு உங்கள் மடியில் கிடக்கட்டும். நல்ல கதைதான், பயப்படாதீர்கள். கேட்டு முடிப்பதற்குள் யாருடைய நினைப்பாவது வந்துவிட்டால் மட்டும் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆவடியில் ஃபேக்டரிக்காரர்களுக்கென்று குவார்ட்டர்ஸ் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன அல்லவா? அதில் ஒரு பழைய வரிசையில் ரேணுகா இருந்தாள். புருஷன் கங்காதரனுக்கு ஃபேக்டரியில் வேலை. சொந்த ஊர் சேலம் பக்கத்து ஆத்தூர். ஒரே பையன் ஓசூரில் வேலை கிடைத்துக் கல்யாணமும் முடித்து அங்கேயே தங்கிவிட்டான். பக்கத்து வீட்டில் சபீனா. அவள் வீட்டுக்காரர் முகமது இஸ்மாயிலுக்கும் அதே ஃபேக்டரி. சபீனா மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவள். வாயைத் திறந்தால் மெட்ராஸ் பேச்சு கொட்டும். ரேணுகாவைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் ரேணுகாவுக்கு அவள் சபீனாக்கா.

இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் மார்பளவு உயரத்தில் ஒரு சுவர். பேருக்குத்தான் சுவர். குழம்புக் கிண்ணமும், ரம்ஜானுக்குக் கஞ்சித் தூக்கும், தீபாவளிக்கு முறுக்குத் தட்டும் அதன் மேல்தான் போகும், வரும். கிண்ணம் வைத்து வைத்தே அந்தச் சுவரின் தலை வழவழவென்று ஆகியிருந்தது. சுவரை ஒட்டி, ரேணுகாவின் பக்கத்தில் ஒரு நந்தியாவட்டைச் செடி. பாதிக் கிளை இந்தப் பக்கம், பாதிக் கிளை அந்தப் பக்கம். காலையில் இவள் சாமிக்குப் பறிப்பாள். அவளோ பறிக்கவே மாட்டாள், சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பாள்.

பேச்சு? அது நாள் முழுக்க ஓடும். இவள் துவைக்கிற கல்லில், அவள் ஜன்னலுக்குள்ளே. கீரை ஆய்ந்துகொண்டு, மீன் அலசிக்கொண்டு, இருபது வருஷம் ஓடிவிட்டது.

இஸ்மாயில் ரிட்டயர் ஆனார். மகன் காட்டுப்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தான், கூப்பிட்டுக்கொண்டான். டெம்போவில் கட்டிலும் பீரோவும் ஏறிக்கொண்டிருந்தபோது சபீனா சுவரருகே வந்து நின்றாள்.

"இன்னாமே, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிறே? நான் இன்னா அமெரிக்காவுக்கா போறேன்? தோ கீது காட்டுப்பாக்கம். ரெண்டு பஸ்ஸு."

"உங்க முட்டியை வச்சுக்கிட்டு ஒரு பஸ்ஸே ஏற முடியாது. நீங்க வர மாட்டீங்கக்கா."

"நீ வாயேன்."

"புது வீடு, மருமக இருக்கிற இடம். நான் எங்க வந்து நிக்கிறது?"

சபீனா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"போன்ல பேசறதும் நமக்கு வராது ரேணு. துன்னியா, துன்னேன். அப்பால இன்னா பேசறது? எனக்குக் கைல வேல இருந்தாதான் வாயே தொறக்கும். நீ ஒண்ணு பண்ணு. தெனம் காலைல இந்தப் பூவ ஒரு போட்டோ புடிச்சி அனுப்பு. அதப் பார்த்தா நீ கொல்லைல கீறேன்னு நெனச்சிக்கிறேன். அதுபோதும் எனக்கு."

"அனுப்பறேன்க்கா" என்றாள் ரேணுகா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், தாயே, அப்படிக் காப்பாற்றினாள். வம்பே அதில்தான் வந்தது.

மறுநாள் காலை போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அந்த வருஷம்தான் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். வெள்ளைச் சுவர், அதன் முன்னால் வெள்ளைப் பூ. படத்தைப் பார்த்தால் பால் கொட்டிக் கிடப்பது மாதிரி இருந்தது. பூவைக் காணோம், நாலு இலை மட்டும் அந்தரத்தில் பச்சையாக மிதந்தது. குனிந்து, வானம் பின்னால் வருகிற மாதிரி எடுத்தாள். வானமும் வெளுப்பு. பக்கவாட்டில் நின்று எடுத்தாள். பூ தெரிந்தது. பூவோடு சேர்ந்து கொடியில் தொங்கிய கங்காதரனின் ஓட்டை பனியனும், விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டும், சுவரடிப் பாசியும், சாய்த்து வைத்த விளக்குமாறும் தெரிந்தன.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. நாலாவது மாடி, புது டைல்ஸ் போட்ட வீடு, படித்த மருமகள் எட்டிப் பார்ப்பாள். அங்கேயா இந்த விளக்குமாற்றை அனுப்புவது?

உள்ளே போய்ப் புருஷனின் கறுப்புக் குடையை எடுத்தாள். புருஷனையும் கூடவே இழுத்து வந்தாள்.

"மழை எங்கடி?" என்றார் கங்காதரன்.

"மழைக்கு இல்லைங்க, பூவுக்கு. விரிச்சுப் பின்னாடி பிடிங்க. இன்னும் கீழே. ஐயோ, விரல் தெரியுது பாருங்க, விரலை மடக்குங்க."

"வாட்ச்மேன் வேலை, டிரைவர் வேலையெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். பூவுக்குப் பின்னாடி இருட்டுப் பிடிக்கிற வேலையை இப்பத்தான் பார்க்கறேன்."

ஆனால் படம் விழுந்தது பாருங்கள்! கறுப்பில் பூ தனியாக எழுந்து நின்றது. ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கம் திரும்பி, ஒரு நுனியில் நேற்றைய மழைச் சொட்டோடு. அப்புறம் போனில் வெட்டுகிற இடத்துக்குப் போனாள். நாலு மூலையிலும் நாலு கொக்கி தெரியும், விரலால் உள்ளே இழுத்தால் வேண்டாதது எல்லாம் போய்விடும். குடைக்கம்பியை வெட்டினாள். புருஷனின் கட்டைவிரலை வெட்டினாள். சுவரை வெட்டினாள். பூவும் இருட்டும் மட்டும் மிஞ்சின. அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் பதிலும் வந்தது. என்ன பதில் தெரியுமா? ஒரு மஞ்சள் கட்டைவிரல்.

இருபது வருஷம் ஒரே சுவரில் கிண்ணம் வைத்து எடுத்தவள் ஒரு கட்டைவிரலைக் காட்டினால் எப்படி இருக்கும்? ரேணுகா கோபப்படவில்லை. படம் சரியில்லை போல, இன்னும் நன்றாக எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் சுபாவம் அது. யாராவது சாப்பாட்டைப் பாதியில் வைத்தால், தன் உப்பைத்தான் சந்தேகப்படுவாள்.

அன்றிலிருந்து கற்றுக்கொள்ள ஆரம்பித்தாள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைப் பூ வெந்து போகும், இதழில் இருக்கிற ரேகை எல்லாம் மறைந்துவிடும். அதனால் வெயில் வருமுன்னே எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேகம் மூடிய நாளில் எடுக்க வேண்டும். போனில் பூவைத் தொட்டால் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுத்தால் வெள்ளை அடங்கி இதழுக்கு இதழ் நிழல் தெரியும். வெள்ளை என்றால் ஒரே வெள்ளை இல்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. விடியலில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும், சாயங்காலத்தில் வெண்ணெய் மாதிரி இருக்கும். பின்னால் வைக்கக் குடை மட்டும் போதவில்லை. உதிர்ந்த பூவைத் தோசைக்கல்லில் வைத்து எடுத்தாள். புருஷனின் கருநீலப் பேன்ட்டைக் கொடியில் விரித்துப் போட்டு எடுத்தாள்.

"பேன்ட்டை வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போகலாமா, இல்லை பூ கேக்குதா?" என்பார் கங்காதரன்.

வெட்டுவதிலும் நுணுக்கம் இருந்தது. பூவை நட்ட நடுவில் நிறுத்தினால், "என்னடி, பூ பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போகுதா?" என்று அவர் கேட்டுவிட்டார். அப்புறம் ஓரமாக நிறுத்தினாள். பூ எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட வேண்டும். விடாவிட்டால் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. வெட்டி வெட்டிப் பார்த்து அவளே கண்டுகொண்டாள்.

மேல்வீட்டு தீபிகா, புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், படத்தின் மேல் எழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். அதிலிருந்து பூவின் ஓரத்தில் 'இனிய காலை வணக்கம்' என்று தங்க நிறத்தில் மின்ன ஆரம்பித்தது. அதே படத்தை அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் அனுப்பினாள். காய்கறி வண்டி அருகே ஒரு நாள் பின்வரிசைக் கோமளா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேணு, நீ அனுப்பற படமெல்லாம் எந்த சைட்ல கிடைக்குது? எனக்கும் அந்த லிங்க்கைக் கொடேன்."

"சைட்டா? எங்க வீட்டுக் கொல்லைல கிடைக்குது" என்று சொல்லி ரேணுகா தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தாள். கத்தரிக்காய் வாங்க மறந்தே போனாள்.

கண்ணுகளா, கோமளா கேட்டபோதே விஷயம் புரிந்திருக்க வேண்டும். அவளுக்குப் புரியவில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது. காட்டுப்பாக்கத்திலிருந்து தினமும் அதே கட்டைவிரல்தான் வந்துகொண்டிருந்தது.

நடுவில் போன் போட்டுப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை மருமகள் எடுத்து, "மாமி தொழுதுட்டிருக்காங்க ஆன்ட்டி" என்றாள். இன்னொரு தடவை சபீனாவே எடுத்தாள். துன்னியா, துன்னேன். அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான். வைத்துவிட்டார்கள். போனவள்தானே கூப்பிட வேண்டும் என்று இவள் இருந்தாள்.

ஒரு நாள் காற்றில் குடைக்கம்பி ஒடிந்தது. கங்காதரனும் காலை ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டிருந்தார். பின்னால் வைக்க எதுவும் கிடைக்காமல் ரேணுகா செடியைச் சுற்றி வந்து, வழக்கமாக நிற்காத ஓர் இடத்தில் நின்று போனைத் தூக்கினாள். திரையில் பூ மட்டும் நின்றது. பின்னால் கறுப்பு. எந்தக் குடையிலும் தோசைக்கல்லிலும் பார்க்காத கறுப்பு. சுருக்கம் இல்லை, பளபளப்பு இல்லை, கிணற்று ஆழம் மாதிரி ஓர் இருட்டு. பூ அதன் வாயில் மிதந்தது. ஆசை ஆசையாக நாலைந்து படம் எடுத்தாள். போனைத் தாழ்த்திவிட்டு, அது என்ன என்று நிமிர்ந்து பார்த்தாள்.

சபீனாவின் சமையல்கட்டு ஜன்னல்.

அந்த வீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. பழைய வரிசை என்று காலியாகவே போட்டிருந்தார்கள். காற்றில் அடித்து அடித்து ஜன்னல் கதவு ஒன்று கழன்று விழுந்திருந்தது. முன்பெல்லாம் அங்கே நாற்பது வாட் பல்பு எரியும். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் சபீனாவின் முகம் இருக்கும், வெற்றிலை போடாமலே சிவந்த வாய் ஓயாமல் ஆடும். அப்போது அங்கே வைத்துப் படம் எடுத்திருந்தால் பூ எடுபட்டிருக்காது.

ரேணுகா போனில் வெட்டுகிற இடத்துக்குப் போனாள். பிறகு ஜன்னல் சட்டம் தெரியாமல், கம்பி தெரியாமல், இருட்டு மட்டும் இருக்கிற மாதிரி வெட்டினாள். எழுத்துப் போட்டாள், அனுப்பினாள். கட்டைவிரல் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் அந்த ஜன்னல்தான். "என் வேலை போச்சா?" என்று கேட்டுக்கொண்டு கங்காதரன் ஒரு காலை கொல்லைக்கு வந்தார். அவள் போனைப் பிடித்திருந்த திசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். உள்ளே போய், அவளுக்கும் சேர்த்துக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன்.

அவருக்கும் ரிட்டயர் ஆகிற நாள் வந்தது. மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு ஆத்தூருக்குப் போவதென்று முடிவாயிற்று. இனிமேல் இரண்டு பஸ்ஸில் முடிகிற தூரம் இல்லை.

"சபீனாவுக்குச் சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

"எதுக்கு? அதுக்கும் ஒரு கட்டைவிரல் காட்டவா?"

"வரச் சொல்லு. ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

"வரச் சொல்லி வராட்டி?"

அவளுக்கு இருந்த ஆசையும் அது ஒன்றுதான், பயமும் அது ஒன்றுதான். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சபீனாக்கா இந்தக் கொல்லையில் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். கேட்காமல் விட்டால் ஆசை ஆசையாகவே மிஞ்சும். கேட்டு அவள் வராமல் போனால் இருபது வருஷமும் பொய்யாகிவிடும். அதனால் கேட்கவில்லை. பூவை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள், பூவே கேட்டுக்கொள்ளட்டும் என்று.

சாமான் கட்ட ஆரம்பித்தார்கள். தோசைக்கல் மூட்டைக்குள் போயிற்று. கருநீலப் பேன்ட்டெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. அந்த வாரம் பராமரிப்பு ஆட்கள் வந்து, காலி வீடுகளுக்குள் நாய் போகிறது என்று சொல்லி, உடைந்த ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். சபீனாவின் ஜன்னலுக்கும் அடித்தார்கள். புதுப் பலகை, வெளிர் மஞ்சள்.

மறுநாள் காலை ரேணுகா போனோடு கொல்லைக்கு வந்தாள். பூ இருந்தது, நிறைய இருந்தது. பின்னால் வைக்க ஒரு கைப்பிடி இருட்டு இல்லை. வெயில் வேறு சீக்கிரம் ஏறிவிட்டது. போகட்டும் என்று, சமையல்கட்டு வாசற்படியிலேயே நின்றபடி தூரத்திலிருந்து ஒன்று எடுத்தாள்.

மட்டமான படம். நந்தியாவட்டை முழுக்க வெந்து, சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருந்தது. வெட்டிச் சரிசெய்யலாம் என்று பார்த்தாள். இடது மூலையை உள்ளே இழுத்தாள், துவைக்கிற கல் போயிற்று. மனசு கேட்கவில்லை. மறுபடி வெளியே இழுத்தாள், கல் வந்தது. வலது மூலையை இழுத்தாள், துணிக்கொடியின் அந்த முனை போயிற்று. அந்த முனை சபீனாவின் சுவரில் அடித்த ஆணியில் கட்டியிருந்தது. சபீனாவே சுத்தியலோடு ஸ்டூல் மேல் ஏறி அடித்த ஆணி. அந்த மூலையும் திரும்ப வெளியே போயிற்று. கீழே இழுத்தால் குழாய் போகும், வாயில் துணி கட்டிய குழாய், வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டே இருக்கிற குழாய். மேலே இழுத்தால் சுவரின் வழவழத் தலை போகும். எதை வெட்டுவது? பூவைத் தவிர எல்லாவற்றையும் இத்தனை நாள் வெட்டினாளே, அந்தக் கைக்கு இன்றைக்கு எதையும் வெட்ட வரவில்லை. வேண்டுமானால் பூவை வெட்டலாம் போல இருந்தது.

நாலு மூலையையும் கடைசிவரைக்கும் வெளியே தள்ளினாள். தங்க எழுத்தும் போடவில்லை. எடுத்தது எடுத்தபடி அனுப்பிவிட்டு, போனைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்து, முகம் கழுவப் போனாள்.

முகத்தில் தண்ணீர்கூடப் படவில்லை, அதற்குள் போன் அடித்தது.

"ஏ ரேணு! இது நம்ம கொல்லதானே?"

"ஆமாக்கா."

"கொடில தொங்கறது அண்ணாத்தே பனியனா? இன்னும் அந்த ஓட்ட பனியனத் தூக்கிப் போடலியா நீ? த்தூ! அந்தக் கொழாயி இன்னமும் ஒழுவுதா? யார்மே எடுத்தது இத?"

"நான்தான். தினமும் நான்தானேக்கா எடுக்கறேன்."

"தெனமும் எங்க எடுக்கறே? தெனம் அனுப்பறது அந்தக் கறுப்புல வெள்ளப் பூ, தங்க எழுத்துல காலை வணக்கம்…"

"அதுவும் நான் எடுத்ததுதான்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. சபீனா யாரையோ அதட்டிவிட்டுத் திரும்ப வந்தாள்.

"இன்னா சொன்னே?"

"எல்லாமே நம்ம நந்தியாவட்டைதான்க்கா. நீங்கதானே அனுப்பச் சொன்னீங்க."

"அடிப் பாவி! நான் அது எங்கியோ நெட்ல கீற படம்னு நெனச்சிக்கினு கீறேன். என் தங்கச்சி அனுப்பறா, சம்பந்தி அனுப்பறாரு, தண்ணி கேன் போடறவரு கூட குட் மார்னிங் அனுப்பறாரு. எல்லாம் இதே மாரி பூவு. தொறந்துகூடப் பாக்க மாட்டேன், ஒரு கட்டவெரலத் தட்டிட்டுப் போயினே இருப்பேன். நம்ம பூவ அனுப்புடின்னு சொல்லிட்டு வந்தேனே, இவளும் எல்லார மாரி ஆயிட்டா, வந்தத அப்டியே தள்ளி வுடறா, எவ ஊட்டுப் பூவயோ எனக்குக் காட்டறான்னு… எத்தினி நாள் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன் தெரியுமா?"

ரேணுகா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க மருமக பார்ப்பாளேன்னுதான்… அழகா இருக்கணும்னு…"

"அழகாதான் கீது, யாரு இல்லேன்னா? இவ்ளோ அழகா எடுத்தா நீன்னு எப்டிமே தெரியும்? இரு, வச்சிடாத. எல்லாத்தையும் இப்ப பாக்கறேன்."

போனைக் காதுக்கும் கண்ணுக்குமாக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, அவள் ஒவ்வொரு படமாகப் பின்னால் தள்ளித் தள்ளிப் போனாள். அவள் மூச்சு கிட்டத்தில் வருவதும் தூரப் போவதுமாக இருந்தது.

"இதுல இன்னா பின்னாடி?"

"குடை. அவர் பிடிச்சாரு."

"அய்ய, அண்ணாத்தயவா நிக்க வச்சே? பாவம்! இது இன்னா, பளபளன்னு கீது?"

"தோசைக்கல்."

"அதான பார்த்தேன், எண்ண மினுக்குது. இது?"

"அவர் பேன்ட்டு."

சபீனா சிரித்த சிரிப்பில் அந்த வீட்டில் யாரோ, "என்னாச்சு மாமி?" என்று கேட்டது இங்கே விழுந்தது. ரேணுகாவுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று, இப்படி வயிறு வலிக்கச் சிரித்து!

"இதுங்கோ? இது நெறய கீது. நல்ல கறுப்பு. வெல்வெட்டுத் துணியா?"

ரேணுகா பலகை அடித்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாமே?"

"அது உங்க சமையல்கட்டு ஜன்னல்க்கா."

சிரிப்பு நின்றுவிட்டது.

"லைட்டு இல்லியா?" என்றாள் சபீனா.

"யாரு போடறது?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். முன்பு போனில் வந்த மௌனம் மாதிரி இல்லை இது. பாத்திரம் தேய்க்கும்போது நடுவில் வருமே, அந்த மாதிரி.

"கல்லாண்ட ஒரு மூட்ட கீதே, அது இன்னா?" என்று கேட்டாள் சபீனா. படத்தை இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாத்திர மூட்டை. மாசக் கடைசில ஆத்தூருக்குப் போறோம்."

"எங்கிட்ட சொல்லாமயா?"

"சொன்னா, ஒருவேளை நீங்க…"

"கட்டவெரல் காட்டுவேன்னா? போடி லூசு. நாளைக்குக் காலைல வரேன். கீர வாங்கி வை."

"உங்க முட்டி?"

"முட்டி கெடக்குது."

வந்தாள். மகன் சாயங்காலம் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், அவன் ஆபீசிலிருந்து திரும்புகிறவரைக்கும் யார் காத்திருப்பது என்று, பூந்தமல்லியில் பஸ் மாறி, ஆவடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து வந்தாள். வந்ததும் வீட்டுக்குள் உட்காரவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், சுவரில் கையூன்றி, பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி, "முருங்கக் கீரையா வாங்கி வச்சே? நாள் பூரா உருவணுமே!" என்றாள்.

"அதுக்குத்தான் வாங்கினேன்" என்றாள் ரேணுகா.

நாள் பூரா உருவினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை. மருமகள் நல்லவள்தான், ஆனால் புளி கரைக்கத் தெரியவில்லை. லிஃப்டில் ஏறினால் வயிற்றைப் பிரட்டுகிறது. ஓசூர்ப் பையன் இளைத்துவிட்டான். ஆத்தூர்த் தண்ணீர் முடிக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. கங்காதரன் நடுவில் எட்டிப் பார்த்து, "குடை ரிப்பேர் பண்ணியாச்சு, பிடிக்கணுமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை விரட்டினார்கள். அன்றைக்கு ரேணுகா பூவைப் படம் எடுக்கவில்லை. அனுப்ப வேண்டியவள்தான் எதிரில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாளே.

பொழுது சாய்ந்தது. இருட்டுவதற்குள் போக வேண்டும். ஆவடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வழியனுப்ப ரேணுகா போனாள். பூந்தமல்லி பஸ் வந்ததும் சபீனாவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, பின்னாலேயே தானும் ஏறிக்கொண்டாள்.

"நீ எங்கமே வர்றே?"

"பூந்தமல்லி வரைக்கும். உங்களைத் தனியா பஸ் மாத்த விட முடியுமா? லேடீஸுக்கு டிக்கெட் இலவசம்தானே."

பூந்தமல்லியில் போரூர்ப் பக்கம் போகிற பஸ் நின்றது. சபீனாவை ஏற்றினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். ரேணுகா மறுபடியும் ஏறினாள். இந்தத் தடவை சபீனா ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். மெட்ரோவுக்குப் போட்ட தூண்கள் ஒவ்வொன்றாக ஜன்னலில் வந்து வந்து போயின. ரேணுகாவின் கை சபீனாவின் மடியில் கிடந்தது.

காட்டுப்பாக்கத்தில் இறங்கினார்கள். வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று சபீனா கூப்பிட, நேரமாச்சு என்று ரேணுகா சொல்ல, கடைசியில் சபீனா அவளை வழியனுப்ப ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்க ஸ்டாப்புக்கு வந்தாள். அந்த முட்டியோடு.

பூந்தமல்லி போகிற பஸ் ஒன்று வந்தது.

"இதுல வேணாம்மே, கூட்டமா கீது. அடுத்ததுல போ."

"சரிக்கா."

அடுத்தது வந்தது. ரேணுகா படியை நோக்கி ஓரடி வைத்தாள்.

"இதுவும் கூட்டம்" என்றாள் சபீனா, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"ஆமாக்கா, ரொம்பக் கூட்டம்" என்றாள் ரேணுகா.

அந்த பஸ்ஸில் கண்டக்டரைச் சேர்த்து நாலு பேர்தான் இருந்தார்கள். அது புகையைத் தள்ளிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டு உலை எப்போதும் நிறைந்து பொங்கட்டும். உங்கள் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். உங்களைத் தேடி வருகிறவர்களுக்குத் திரும்பிப் போக மனசே வராமல் இருக்கட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள், தாயே, நன்றாக இருங்கள்.